ஒரு சதவீதத்துக்குக் கீழே

குழாய்களுக்கும் பாவ புண்ணியக் கணக்கு உண்டு என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. ஒரு குழாய் எந்த மண்ணைத் தோண்டிப் பிறந்தது, எந்த உலையில் வெந்தது, எந்த லாரியில் ஏறி எவ்வளவு தூரம் வந்தது, மண்ணுக்குள் எத்தனை காலம் கிடக்கும், அதன் ஆயுசு முடிந்தபின் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எந்தக் குழாய் பூமிக்குக் குறைவாகக் கெடுதல் செய்கிறது என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அதற்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு என்று வாய் வலிக்கிற மாதிரி ஒரு பெயர். வீட்டில் தங்கை வைத்த பெயர் சின்னது. குழாய்க்காரி.

எல்லாவற்றையும் எண்ணுவது என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. குழாய் செய்கிறவன் குடித்த தேநீரையும் சேர்க்க வேண்டுமா, அந்தத் தேநீர்க் கோப்பையைச் செய்த உலையையும் சேர்க்க வேண்டுமா என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குக் கீழே வருகிற எதையும் விட்டுவிடலாம். அந்த விதியை அவள் ஏதோ தன் வயிற்றில் பிறந்த பிள்ளை போல நேசித்தாள். கூட்டங்களில் யாராவது குழாய் இணைப்பில் வைக்கிற ரப்பர் வளையத்தைப் பற்றியோ உள்ளே பூசுகிற பசையைப் பற்றியோ இழுத்தால், "ஒரு சதவீதத்துக்குக் கீழ சார், விட்டுடலாம்" என்று சொல்லிச் சிரிப்பாள். பெரிய மனிதர்கள் எல்லாம் அந்தச் சிரிப்பில் நிம்மதியடைந்து அடுத்த விஷயத்துக்குப் போவார்கள்.

தங்கைக்கு இது வாய்க்கு அவல். பாத்திரம் கழுவாமல் விட்டால் ஒரு சதவீதத்துக்குக் கீழே. அக்காவின் புதுச் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டால் அதுவும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று போன வருஷம் அக்கா வீட்டுக்கே குடி வந்துவிட்டாள். அக்காவுக்கும் பேச்சுத் துணை வேறு யார் இருக்கிறார்கள்? ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இங்க ஒண்ணு இருக்கு. அவரைத் தவிர யாருக்கும் சொல்லலை. இப்போதைக்கு ஒரு சதவீதத்துக்குக் கீழதான், கணக்குல சேக்காதே" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷம், நடுவில் இரண்டு முறை கைக்கு வந்தது நழுவிப் போயிருந்தது. அக்கா அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்துத் தங்கைதான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

இது நடந்த சமயத்தில்தான் நகரத்தின் பழைய பாதாளச் சாக்கடையை என்ன செய்வது என்ற மதிப்பீடு அவள் கைக்கு வந்தது. குழாய்கள் விரிசல் விட்டு, சாக்கடை மண்ணில் கசிந்து, குடிநீர்க் குழாயை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. நாலு வழிகள் முன்னால் இருந்தன. இரும்பு, கான்கிரீட், பிளாஸ்டிக், பிறகு நாலாவதாக ஒன்று. முதல் மூன்றுக்கும் தெருவைக் குடைய வேண்டும். இரும்புக்கு உலை, கான்கிரீட்டுக்குச் சிமெண்ட், பிளாஸ்டிக்குக்கு எண்ணெய், மூன்றுக்கும் சேர்த்து லாரி, புழுதி, மாதக்கணக்கில் தெருவடைப்பு. நாலாவது வழியில் தோண்டலே கிடையாது. ரெசின் என்ற பிசினில் ஊறவைத்த நீளமான துணிக் குழாயை, பழைய குழாய்க்குள் காலுறையைப் புரட்டிப் போடுவது போலச் செலுத்துவார்கள். பிறகு உள்ளே நீராவியை விடுவார்கள். சூட்டில் பிசின் இறுகி, பழைய குழாய்க்குள் புதுக் குழாயாகிவிடும். நூறு வருஷம் தாங்கும் என்றார்கள்.

அவள் கணக்கில் நாலாவது வழி மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரே ஒரு நெருடல். பிசின் வேகும்போது ஸ்டைரீன் என்ற ஒரு நச்சுவாயு கிளம்பும். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கணினி கேட்டது. நகரத்தின் திறந்த வெளிக் காற்றா, கிராமத்துக் காற்றா, உயரத்துக் காற்றா என்று வரிசையாகக் காட்டியது. பட்டியலின் அடியில் 'அறைக்குள்' என்றும் ஒன்று இருந்தது. அது பெயின்ட் விற்கிறவனுக்கும் தரைவிரிப்பு விற்கிறவனுக்கும் வைத்தது, சாக்கடைக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் அதைத் தாண்டிப் போனாள். திறந்த வெளியைத் தேர்ந்தெடுத்தாள். திறந்த வெளியில் அந்த வாயு கரைந்து, மொத்தக் கெடுதலில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. விதிப்படி விட்டுவிட்டாள்.

வீடுகளை அவள் மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுத் தரையில் தண்ணீர் போகிற ஒவ்வொரு துளைக்கும் அடியில் குழாய் ஒரு வளைவு வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான், வேறு கதவு கிடையாது. அதனால், வேலை தொடங்குமுன் வீடு வீடாகப் போய், எல்லாத் துளையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டும் என்று அவளே ஒரு வாசகத்தை எழுதிச் சேர்த்திருந்தாள். தங்கைக்கு அதைப் படித்துக் காட்டினபோது, "பரவாயில்லையே, குழாய்க்காரிக்கு மனுஷங்க ஞாபகம்கூட இருக்கு" என்றாள் அவள்.

அறிக்கைக்கு ஏகப்பட்ட பாராட்டு. தலைமைப் பொறியாளர் கூட்டத்தில் எழுந்து நின்றே பேசினார். எந்தத் தெருவில் முதலில் தொடங்கலாம் என்று கேட்டபோது, அவளுக்கு எங்கிருந்து அந்த வீம்பு வந்ததோ, "என் தெருவிலேயே ஆரம்பிங்க சார். நான் சொல்றதை நானே நம்பலைன்னா வேற யார் நம்புவாங்க?" என்று சொல்லிவிட்டாள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவள் காதில் ரொம்ப நாள் இனித்தது.

வேலை தொடங்கிய அன்று காலை, தெருமுனையில் மூன்று லாரிகள் வந்து நின்றன. ஒன்றில் பாய்லர். ஒன்றில், வழியிலேயே இறுகிவிடாமல் இருக்கப் பனிக்கட்டியில் புதைத்த பிசின் துணி, சுருட்டிச் சுருட்டி வைத்தது, ஏதோ பெரிய மிருகத்தின் குடல் போல. மூன்றாவதில் ஆட்கள். துணியை இறக்கத் தொடங்கியதும் தெரு முழுக்க ஒரு வாசனை பரவியது. பசையும் நகப்பூச்சும் கலந்த, தித்திப்பான, மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்கிற வாசனை. எதிர்வீட்டு நாய் இரண்டு முறை குரைத்துவிட்டு, என்ன தோன்றியதோ, வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

தங்கை அப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"என்னக்கா இது, கொடலைப் பொரட்டுது. பெயின்ட் கடைக்குள்ள உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கு."

"வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு எல்லாந்தான் நாறும். நேத்து சோப்பு நாறுதுன்னே. முந்தாநாள் நான் நாறுறேன்னே."

"நீ நாறினது நெசம்."

"போடி. போய்ப் படு. வாசனை உள்ள வராம நான் பாத்துக்கறேன்."

தங்கையின் அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. பகலில் தூங்குகிறவளுக்குத் தோதாக, தெருச் சத்தம் எட்டாத இடம். முன்பு துணி துவைக்கிற அறையாக இருந்தது. தங்கை வருகிறாள் என்றதும் அக்காதான் துவைக்கும் இயந்திரத்தை மாடிப்படிக்கு அடியில் மாற்றி, சுவருக்குச் சாயம் அடித்து, தரையில் விரிப்பு ஒட்டி, கட்டிலும் அலமாரியும் வாங்கிப் போட்டாள். ஈரம் காய்வதற்காகச் சுவரில் பதித்திருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் பழையபடி இருந்தது.

அக்கா அன்றைக்கு ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். சட்டம் கொஞ்சம் ஊதிப்போயிருந்ததால் முழங்கையால் இடித்துச் சாத்த வேண்டியிருந்தது. இடுக்கில் பழைய செய்தித்தாளை மடித்துத் திணித்தாள். மிச்சம் மீதி வாசனை இருந்தால் வெளியே போகட்டும் என்று ஃபேனைப் போட்டாள். அது கரகரவென்று ஓடத் தொடங்கியது. ஒரு துண்டை நனைத்துத் தங்கையிடம் கொடுத்து, "நான் வெளிய போனதும் இதைக் கதவுக்கு அடியில திணிச்சுட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. யார் வந்து தட்டினாலும் தெறக்காதே, நல்லாத் தூங்கு" என்றாள்.

"ஜெயிலு மாதிரி இருக்கு."

"ஒரு பகல் பொறுத்துக்கோ. உனக்காகவா செய்யறேன்? அந்த ஒரு சதவீதத்துக்காக."

தங்கை சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா நகர்ந்தாள். தன்னால் முடிந்ததையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்துவிட்ட திருப்தி அவளுக்கு.

வாசலில் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து வீடு வீடாக ஒரே பாட்டைப் பாடிப் பாடி அவர் தொண்டை கட்டியிருந்தது. கிளிப்பிள்ளை மாதிரி ஆரம்பித்தார்.

"வணக்கம் மேடம், இன்னிக்கு உங்க தெருவில சாக்கடைக் குழாய் புதுப்பிக்கற வேலை நடக்குது, தயவு செஞ்சு உங்க வீட்ல இருக்கற எல்லாத் தண்ணித் தொளையிலும், பொழங்கற தொளை பொழங்காத தொளை எல்லாத்துலயும்..."

"நான் எழுதினதை எனக்கே ஒப்பிக்கிறீங்களா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, மேடம் நீங்களா! வீட்டு நம்பரைப் பார்த்துட்டு வந்துட்டேன். அப்போ இந்த வீட்ல பிரச்சினை இல்லை" என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அவருக்கும் ஒரு வீட்டு வேலை மிச்சம். அவள் குளியலறைத் துளையிலும் சமையலறைத் துளையிலும் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டிருந்தாள். தன் வீட்டில் எத்தனை துளை என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

தெருவில் வேலை மும்முரமாக இருந்தது. மேல்முனை மேன்ஹோல் வழியாகத் துணிக் குழாய் புரண்டு புரண்டு உள்ளே போயிற்று. கீழ்முனை மேன்ஹோலுக்கு அது வந்து சேர்ந்ததும் பாய்லரைத் திறந்தார்கள். பூமிக்குள் ஏதோ பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் தெரு நெடுக ஓடியது. அவள் காற்றை அளக்கிற கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். மேன்ஹோல் வாயில் பிடித்தால் எண் குதித்து ஏறியது. நாலு எட்டு தள்ளி வந்து தலை உயரத்தில் பிடித்தால் பூஜ்யம். எதிர்ச்சாரிக்குப் போய்ப் பிடித்தாள். அங்கேயும் பூஜ்யம்.

"திறந்த வெளி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன் அறிக்கையின் ஒரு வரி கண் முன்னால் நிஜமாகி நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சாயங்காலம் தங்கை எழுந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது சூப்பர்வைசர் மேலே கை காட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், வரிசையா எல்லா வீடும் சமைக்குது."

ஒவ்வொரு வீட்டு மொட்டை மாடியிலும் சாக்கடைக் காற்று போவதற்கென்று ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய்கள் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் போக வேண்டும். தெருவுக்கு அடியில் விட்ட நீராவியின் கசிவு, வீட்டு இணைப்புகளில் ஏறி, மாடிக் குழாய் வழியாக வானத்துக்குப் போகிறது. அவள் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் ஆவி. அவள் வீட்டுக் குழாய் மட்டும் சும்மா நின்றது.

"உங்க வீட்டுக்குத் தனி மரியாதை போல" என்றார் சூப்பர்வைசர். "புகைகூட உத்தரவு கேக்காம வராது."

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இருபக்கத்து வீட்டிலும் வருகிறபோது தன் வீட்டில் மட்டும் வராமல் இருக்க என்ன காரணம்? இணைப்பு அடைத்திருக்குமா? அடைத்திருந்தால் காலையில் ஊற்றிய தண்ணீர் இறங்கியிருக்காது. இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஆவி வீட்டுக் குழாய்க்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. மாடிவரைக்கும் ஏறவில்லை, அவ்வளவுதான். நடுவில் எங்கேயோ இறங்கிக்கொள்கிறது. எங்கேயோ அதை யாரோ உறிஞ்சி இழுக்கிறார்கள்.

ஃபேன் ஓடுகிற கரகரச் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது.

அலமாரிக்கு அடியில் ஒரு துளை இருக்கிறது. துணி துவைத்த தண்ணீர் போவதற்காக அந்த அறையின் மூலையில் வைத்த துளை. தரைவிரிப்பு ஒட்டினவன், "இதை என்ன பண்றதும்மா?" என்று கேட்டான். அவள்தான், "சுத்தி வெட்டி விட்டுடு, மேல அலமாரி வந்துடும்" என்றாள். ஒரு வருஷமாக அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. வளைவில் நின்ற தண்ணீர் எப்போதோ காய்ந்து போயிருக்கும். அந்த அறையில் ஜன்னலை அடைத்தாயிற்று, கதவிடுக்கை அடைத்தாயிற்று. ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அறைக்குள் வேறு காற்று வந்தாக வேண்டும். அது வருவதற்கு இருந்த ஒரே வழியை அவள் அடைக்கவில்லை.

கைபேசியை எடுத்துத் தங்கையை அழைத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பகலில் தூங்குகிறவள், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

"நிறுத்துங்க! ஆவியை நிறுத்துங்க!"

"மேடம்?"

"என் தங்கச்சி உள்ள இருக்கா. அந்த ரூமுக்குள்ள போகுது. நிறுத்துங்க!"

சூப்பர்வைசரின் முகம் வெளிறியது. ஆனாலும் அவர் கை பாய்லர்க்காரனை நோக்கி எழவில்லை. "பாதியில நிறுத்தினா உள்ள இருக்கறது தொளதொளன்னு விழுந்து தெரு மொத்தமும் அடைச்சுக்கும் மேடம். எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே..."

அவள் முழுதும் கேட்க நிற்கவில்லை. கழுத்தில் தொங்கின கருவி நெஞ்சில் இடிக்க இடிக்க ஓடினாள். தன் தெரு இத்தனை நீளம் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. சூப்பர்வைசர்தான், மேன்ஹோல் மூடியை நெம்புகிற கடப்பாறையுடன்.

வீட்டுக்குள் வாசனையே இல்லை. கூடத்தில் இல்லை, நடையில் இல்லை. ஈரத்துண்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்தச் சுத்தமான காற்றுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பின்னறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். உள்ளே ஃபேன் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. யார் தட்டினாலும் திறக்காதே என்று அவள்தானே சொல்லி வைத்தாள்.

கடப்பாறை தாழ்ப்பாளைப் பிய்த்ததும் கதவு உள்ளே சாய்ந்தது. அந்தத் தித்திப்பு வாசனை முகத்தில் வந்து அறைந்தது. கண் எரிந்து எதுவும் தெரியவில்லை. கழுத்தில் கருவி வீலென்று கத்தியது. கட்டிலில் தங்கை இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்தாள், ஒரு கை மேலே சுவரில் சாய்ந்தபடி. மூச்சு முட்டி எழுந்து, ஜன்னல்வரைக்கும் வந்திருக்கிறாள். மடித்துத் திணித்த செய்தித்தாளில் பாதியைப் பிய்த்தும் எடுத்திருக்கிறாள். முழங்கையால் இடித்துச் சாத்தின ஜன்னல் அவள் பலத்துக்குத் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் காலைப் பிடிக்க, அவள் தோளைப் பிடிக்க, வெளியே தூக்கி வந்து வாசலில் கிடத்தினார்கள். தங்கை வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியைப் பார்த்து அக்கா கடவுளே கடவுளே என்று கும்பிட்டாள். உயிர் இருக்கிறது. வேறொன்றையும் கேட்கத் தோன்றவில்லை அப்போது. கொஞ்சம் கழித்துத் தோன்றியது.

தங்கை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். காலையில் அவளைச் சிரித்து வழியனுப்பிய பெண்களே அவள் முகத்தில் பிராணவாயுக் கவசத்தை மாட்டினார்கள். கர்ப்பம் என்று அக்கா சொன்னபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த செய்தி இப்படியா வெளிவர வேண்டும்?

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த டாக்டரம்மா நேராகக் கேட்டார். "எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்க?"

அவள் சொன்னாள்.

"அதுல அந்த வாயு எவ்வளவு இருந்துச்சு? உங்ககிட்ட அளக்கற கருவி இருக்குன்னு சொன்னாங்களே."

"மேன்ஹோல் வாயில நிறைய இருந்துச்சு. தெருவில பூஜ்யம் டாக்டர். ரெண்டு பக்கமும் பாத்தேன், பூஜ்யம்."

"நான் ரூமுக்குள்ள எவ்வளவுன்னு கேட்டேன்."

கதவு உடைந்தபோது கருவி கத்தியது. அதைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. பார்த்திருந்தாலும் அது கடைசி நிமிஷத்து எண். அதற்கு முன்னால் அந்தச் சின்ன அறையில் என்ன ஏறிற்று, எப்படி ஏறிற்று என்று எந்தக் கருவியும் சொல்லாது. சிமெண்ட் உலையின் புகையைக் கிராம் கணக்கில் சொல்லத் தெரிந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாது."

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "துடிப்பு இருக்கு. இன்னிக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். அடுத்த ஸ்கேன்ல பாக்கலாம். அப்பவும் தெரியாம போகலாம். பொறந்த பிறகுதான் தெரியும்னு சில விஷயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நூறு வருஷத்துக்கு உத்தரவாதம் கொடுத்த குழாய் தெருவுக்கடியில் இந்நேரம் இறுகி முடிந்திருக்கும். இங்கே அடுத்த ஸ்கேன்வரைக்கும் உத்தரவாதம் தர ஆளில்லை.

தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலருகே, திறந்திருந்த ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து அவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசி அதிர்ந்தது. தலைமைப் பொறியாளர். சத்தமில்லாமல் காதில் வைத்துக்கொண்டாள். அவர் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிய குரல்.

"தங்கச்சி எப்படிம்மா இருக்காங்க? சூப்பர்வைசர் இப்பதான் எல்லாத்தையும் சொன்னார். உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

"அப்பாடா. நல்லாப் பாத்துக்கோங்க. எத்தனை நாள் லீவு வேணாலும் எடுங்க." உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "குழாய் பிரமாதமா வந்திருக்கு. கேமரா விட்டுப் பாத்தாங்க, ஒரு சுருக்கம் இல்லை. நாளைக்கு அடுத்த தெரு."

"நாளைக்கு ஆரம்பிக்காதீங்க சார். அறிக்கையில நான் போட்டது தப்பு. எந்த வீட்ல எந்தத் தொளை காஞ்சு கெடக்குன்னு நமக்குத் தெரியாது. வெளிக்காத்துன்னு போட்டது தப்பு. திருத்தித் தர்றேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மொத்தத் திட்டத்துல எத்தனை ஆயிரம் வீடும்மா?"

அவளுக்கு எண் தெரியும்.

"அதுல எத்தனை வீட்ல அலமாரிக்குக் கீழ தொளை இருக்கும்? இருக்கற வீட்ல எத்தனை பேர் ஜன்னலை அடைச்சுட்டு ஃபேனைப் போட்டுக்கிட்டுத் தூங்குவாங்க? நான் உங்களைக் குத்தம் சொல்லலை. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு சதவீதத்துக்குக் கீழதான் வரும். விட்டுடலாம்னு எப்பவும் சொல்றது நீங்கதானே?"

அவர் சொன்னதில் கணக்குத் தப்பு இல்லை. அவர் இடத்தில் அவள் இருந்திருந்தால் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டும் சொல்லியிருப்பாள். "சார், ஒரு நிமிஷம்" என்றாள். அதற்குள் அவர், "ரெஸ்ட் எடுங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

நிமிர்ந்தபோது தங்கை விழித்திருந்தாள். கண்ணிரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. கவசத்தைக் கொஞ்சம் விலக்கியிருந்தாள். எப்போது விழித்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை.

"யாரு?"

"ஆபீஸ்ல."

"என்னவாம்?"

அக்கா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள். "ஒண்ணுமில்லை. உன்னைத்தான் விசாரிச்சாங்க."

தங்கை போர்வைக்குள் கையை நகர்த்தி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுக்கா" என்றாள்.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டி அந்தக் கைகளைத் தொடப் போனாள். தங்கை தடுக்கவில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நீ கெளம்பு. நாளைக்கு அடுத்த தெருவில ஆரம்பிக்கறாங்கல்ல, அங்க போய் நில்லு."

"உன்னை விட்டுட்டு எப்படிடீ..."

"இங்க எல்லாரும் இருக்காங்க. போ." ஒரு மூச்சு வாங்கினாள். "போறப்ப அந்த ஜன்னலை மட்டும் மூடிட்டுப் போயிடாதே."